குழாய் ரேடியோவில் வந்த அன்னக்கிளி

1976 மே 14ஆம் தேதி ‘அன்னக்கிளி’ திரைக்கு வந்தது. அது வைகாசி பிறக்கும் நேரம். கொங்கு நாட்டில் வைகாசி என்றால் கல்யாண மாதம். மாரியம்மன் கோயில் நோம்பிகளும் பல ஊர்களில் அப்போதுதான் நடக்கும். பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கிலோ தென்னையோ குழாய் ரேடியோவை, அதாவது கூம்பு ஒலிபெருக்கியை, சுமந்துகொண்டு நிற்கும். படம் கொட்டகைக்கு வருவதற்கு முன்பும் வந்த பின்பும் அந்தப் பாட்டுகளை ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தது இந்தக் குழாய்தான். தோட்டத்து வீடான சாளையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவர் காதில், எந்த ஊர் விசேஷம் என்றுகூடத் தெரியாமல், காற்றோடு ஒரு பெண் குரல் வந்து விழுந்தது. ‘மச்சானைப் பார்த்தீங்களா’ பலருக்கும் அப்படித்தான் அறிமுகமானது.

அந்தப் படத்தின் இசையைப் பற்றிப் பேசும்போது, நாட்டுப்புற இசையை இளையராஜா சினிமாவுக்குக் கொண்டுவந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரி பாதிதான் உண்மை. அந்தப் பாட்டுகள் கட்டப்பட்டிருக்கும் விதத்துக்கும், அவை முதலில் கேட்கப்பட்ட விதத்துக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. தூரத்திலிருந்து கேட்டாலும் உடையாத பாட்டுகள் அவை. கிட்டப் போய்க் கேட்டால் வேறொன்றையும் காட்டுபவை. அந்தப் பொருத்தம் எப்படி அமைந்தது என்பதைக் குழாய், அதை ஒலிக்கவைக்கும் யூனிட், இசைத்தட்டு, காற்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் அந்தப் பாதி உண்மையைத் தீர்த்துவிடலாம். கிராமத்து மெட்டு சினிமாவுக்கு 1976இல் புதிதல்ல. 1957இல் வந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் சிவாஜி கணேசன் கொங்குத் தமிழே பேசினார். அதில் மருதகாசி எழுதி, கே. வி. மகாதேவன் இசையமைத்து, டி. எம். சௌந்தரராஜன் பாடிய ‘மணப்பாறை மாடு கட்டி’ இன்றும் ஏர் ஓட்டத் தெரியாதவர் வாயிலும் நிற்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் படங்களில் கிராமத்து மெட்டு பெரும்பாலும் ஒரு படத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். மற்றப் பாட்டுகள் வேறு உலகத்தில் இருக்கும். எழுபதுகளின் நடுவில் கோவை, ஈரோடு, சேலம் கல்லூரி விடுதிகளில் இந்திப் பாட்டுத்தான் கொடி பறந்தது. ‘ஆராதனா’ 1969, ‘பாபி’ 1973, ‘ஷோலே’ 1975. புது ஓசை, தெளிந்த பதிவு, துள்ளும் தாளம் எல்லாம் இந்தியில் கிடைக்கின்றன என்ற எண்ணம் இளவட்டத்திடம் ஊறியிருந்தது.

‘அன்னக்கிளி’ வந்தபோது மாறியது இதுதான்: ஒரு படத்தின் மொத்த ஓசையும் ஒரே மண்ணிலிருந்து எழுந்தது. நெல் குத்துகிற பாட்டு, ஆளைத் தேடுகிற பாட்டு, ஏக்கப் பாட்டு எல்லாம் ஒரே ஊர்க்காரர்கள் பாடுவதுபோல இருந்தன. அதே சமயம் இசைக்கோர்வை பழைய பாணியில் இல்லை. ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து வந்தவர் இளையராஜா. கதைக்களம் கிராமம், வயலின் எழுத்து அப்படியல்ல. படமும் நம் பக்கத்ததுதான். தேவராஜ்–மோகன் இயக்கத்தில் பவானிசாகர் தாண்டி, மாயாற்றைப் பரிசலில் கடந்து போகவேண்டிய தெங்குமரஹடாவில் எடுத்தார்கள். நாயகன் சிவகுமார் சூலூர்ப் பக்கத்துக்காரர். பாட்டும் கதை வசனமும் பஞ்சு அருணாசலம், மூலக்கதை ஆர். செல்வராஜ்.

சாளைக்கும் சாளைக்கும் நடுவே

கொங்கு நாட்டுக் குடியிருப்பு தஞ்சாவூர்ப் பக்கம்போல நெருங்கிய தெருக்களாக இருப்பதில்லை. நடுவில் ஊர் என்று ஒன்று இருக்கும். பண்ணையம் பார்ப்பவர்களில் பலர் அவரவர் தோட்டத்திலேயே கிணற்றை ஒட்டிச் சாளை போட்டுக் குடியிருப்பார்கள். ஒரு சாளைக்கும் அடுத்ததுக்கும் இடையில் சோளக்காடோ கொள்ளுக்காடோ கால் மைல் கிடக்கும். இந்த அமைப்பில் கல்யாண வீட்டுக் குழாய் ஓர் அழைப்பு. ஒரம்பரை (உறவுக்காரர்கள்) வரத் தொடங்கிவிட்டார்கள், சீர் ஆரம்பிக்கப்போகிறது என்று சுற்று வட்டாரத்துக்குச் சொல்வது அதன் வேலை. அதனால் கொங்கு மைக் செட்காரருக்கு ஒரே குறிதான்: எவ்வளவு தூரம் போகிறது? பந்தலுக்குள் இனிமையாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

அன்றைய செட்டில் இருந்தவை ஐந்து: தட்டு சுழற்றும் பிளேயர், ஆம்பிளிபயர், மைக், யூனிட், குழாய். யூனிட் என்பது இரண்டு கையில் அடங்கும் உலோக டப்பா. உள்ளே ஒரு காந்தம், மெல்லிய டயஃப்ரம், அதில் ஒட்டிய செம்புக் கம்பிச் சுருள். தொழிலில் அதைக் ‘காயில்’ என்பார்கள். யூனிட்டை மட்டும் தனியாக ஓட்டினால் தகர டப்பாவுக்குள் வண்டு கத்துவதுபோல இருக்கும். அதன் வாயில் குழாயை முறுக்கிப் பூட்டியதும்தான் ஓசை ஊரைத் தாண்டும். குறுகிய வாயிலிருந்து மெல்ல மெல்ல விரியும் குழாய், டயஃப்ரத்தின் சின்ன அசைவை வெளிக்காற்றோடு இணைக்கிறது. அதனால் சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 90 டெசிபெல் (ஓசையின் உரத்தை அளக்கும் அலகு) கொடுத்தால், நல்ல குழாய் 108 டெசிபெல் வரை கொடுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 வாட் கொடுத்தால் 108உடன் சுமார் 15 கூடி 123 டெசிபெல். தூரம் பத்து மடங்கானால் 20 டெசிபெல் குறையும். 10 மீட்டரில் 103. 100 மீட்டரில் 83. ஒரு கிலோமீட்டரில் 63. இது பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பேசும் அளவு. மில் சத்தமோ லாரிச் சத்தமோ இல்லாத காட்டில், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சாளைத் திண்ணையில் பாட்டின் வார்த்தையே காதில் விழும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

ஆனால் பாட்டு முழுசாகப் போய்ச் சேர்வதில்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

குழாயின் நீளமும் வாய் அகலமும் ஓர் எல்லை வகுக்கின்றன. 250, 300 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் குறைந்தால் கனத்த ஓசை) கீழே குழாய் காற்றைப் பிடிப்பதில்லை. மத்தளத்தின் அடிநாதம், செல்லோ, பேஸ் எல்லாம் அங்கேயே உதிர்ந்துவிடும். மேலே 5,000, 6,000 ஹெர்ட்ஸுக்கு அப்பால் யூனிட்டே தளர்ந்துவிடும். மிச்சத்தைக் காற்று தின்கிறது. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 1,000 ஹெர்ட்ஸ் ஓசை தூரக் கழிவு போக இன்னும் 7 டெசிபெல்தான் இழக்கும். 4,000 ஹெர்ட்ஸ் 23 டெசிபெல் இழக்கும். 8,000 ஹெர்ட்ஸ் 60 டெசிபெல். அதாவது இல்லாமலே போய்விடும். ஜால்ராவும் சலங்கையும் முதலில் செத்துவிடும். தபேலாவின் ‘தின்’ நிற்கும், ‘தா’வின் கூர்மை போகும். தூரத்துச் சாளைக்குப் போய்ச் சேர்வது நடுப்பட்டைதான்: சுமார் 400இலிருந்து 2,500 ஹெர்ட்ஸ் வரை.

பெண் குரலின் உயர்ந்த சுரங்கள் சரியாக அந்தப் பட்டையில் உட்காருகின்றன. ‘மச்சானைப் பார்த்தீங்களா’ பாடிய எஸ். ஜானகி மேல் ஸ்தாயியில் பாடும்போது அடிச்சுரமே 500, 600 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். அதன் முதல் சில மடங்குகளும் பட்டைக்குள்ளேயே இருக்கும். தடித்த ஆண் குரலின் அடிச்சுரம் 100, 150 ஹெர்ட்ஸில் நிற்பதால் குழாயில் அதன் உடம்பு போய்விடும், எலும்புதான் மிஞ்சும். ‘அன்னக்கிளி உன்னைத் தேடுதே’ பாட்டை ஜானகி பாடியதும் உண்டு, டி. எம். எஸ். பாடியதும் உண்டு. இரண்டையும் ஒரே குழாயில் போட்டுத் தூரத்திலிருந்து கேட்டால் இந்த வேறுபாடு எந்த விளக்கமும் இல்லாமல் புரியும்.

‘மச்சானைப் பார்த்தீங்களா’ குரலை இழுத்துத்தான் தொடங்குகிறது. தாளம் பின்னால் வந்து சேர்கிறது. குழாய் வழியே கேட்பவருக்கு இது பெரிய வசதி. காற்றில் முதலில் ஒரு நீண்ட சுரம் வரும். காது அந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம்தான் வார்த்தை வரும். எடுத்த எடுப்பிலேயே முழு வாத்தியக் கூட்டத்தோடு தொடங்கும் பாட்டு, குழாயில் முதல் பத்து நொடிக்கு ஒரே இரைச்சலாகக் கேட்கும்.

இதை இளையராஜா திட்டமிட்டுச் செய்தார் என்று நிறுவ முடியாது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜனும் சகோதரர்களும் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் போய், கட்சி மேடைகளில் மைக் செட் வழியே பாடியவர்கள். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் பாடியது அந்த மலைப்பகுதியையே கூட்டியது. அந்தக் குழுவில் வாசித்து வளர்ந்த பையனுக்கு, திறந்தவெளியில் குழாய் எதைக் கொண்டுபோகும், எதை விட்டுவிடும் என்பது ஸ்டுடியோவுக்குள் நுழைவதற்கு முன்பே காதில் ஏறியிருக்கும். அப்படித்தான் நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

தட்டில் என்ன நடக்கிறது

பாட்டு குழாய்க்கு வரும் முன் இசைத்தட்டைக் கடக்க வேண்டும். 1976இல் மைக் செட்காரர் பெட்டியில் மூன்று விதத் தட்டுகள் இருக்கும். பழைய 78 சுற்றுத் தட்டுகள். இவை அரக்கில் செய்தவை, கீழே விழுந்தால் ஓடுபோல உடையும். 12 அங்குல எல்பி, நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. 7 அங்குல இபி, 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. மைக் செட்டுக்கு உயிர்நாடி இபிதான். விலை குறைவு, எடுத்துப் போட எளிது, “ஏனுங்ணா, அந்த மச்சான் பாட்ட இன்னொருக்காப் போடுங்” என்று கேட்டால் உடனே முள்ளைத் தூக்கி வைக்கலாம்.

இபியில் ஒரு குறை உண்டு. ஒரு பக்கத்தின் இரண்டாம் பாட்டு எப்போதும் முதல் பாட்டைவிடக் கொஞ்சம் மங்கும். தட்டு சுற்றும் வேகம் ஒன்றுதான். ஆனால் வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது, உள் வளையத்தில் சுமார் 25 சென்டிமீட்டர். அதே ஓசையை முக்கால் பங்குக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். தேய்ந்த முள் அந்த நெருக்கத்தில் திரும்ப முடியாமல் தடத்தின் சுவரைச் செதுக்கும். ‘ச’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் கரகரக்கும். பழைய தட்டு வாங்குவோர் முதல் பாட்டைப் போட்டுப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். கடைசிப் பாட்டின் கடைசி அரை நிமிஷத்தைப் போட்டுப் பாருங்கள்; தட்டின் உண்மை வயது தெரியும்.

மைக் செட் பிளேயரில் இருந்த முள் பெரும்பாலும் செராமிக் அல்லது கிரிஸ்டல் வகை. அது அரை வோல்ட் அளவுக்குக் கொடுக்கும், நேராக ஆம்பிளிபயரில் போடலாம். ஆனால் 5 கிராமுக்கு மேல் அழுத்தும். மாணிக்கக்கல் முனை 50, 60 மணி நேரத்தில் தேய்ந்துவிடும். மூன்று நாள் கல்யாணத்தில் மட்டும் அது 30 மணி நேரம் ஓடிவிடும். முள் மாற்ற மனசில்லாதவர் கையில் புதுத் தட்டு இரண்டே முகூர்த்தத்தில் பாழாகும். திருப்பும் முள்ளில் 78க்கு ஒரு பக்கம், இபி, எல்பிக்கு ஒரு பக்கம் இருக்கும். 78 முனை சுமார் 75 மைக்ரான் தடிமன், மற்றது 18இலிருந்து 25 மைக்ரான். அவசரத்தில் திருப்ப மறந்து 78 முனையை இபியில் வைத்தால் ஒரே ஓட்டத்தில் தடத்தின் மேல்விளிம்பு சிதைந்துவிடும். பிறகு எந்த முள் வைத்தாலும் மீளாது.

கோவை, திருப்பூர் வட்டாரத்துக்கு என்று ஒரு தொல்லை உண்டு: பஞ்சு. மில்லும் ஜின்னிங் பாக்டரியும் இருக்கும் ஊரில் காற்றிலேயே பஞ்சுத் தூசி மிதக்கும். வினைல் தட்டை உறையிலிருந்து உருவும்போது மின்னேற்றம் ஏறி அது தூசியை இழுக்கும். நூலிழை முள்ளின் நுனியில் சுருண்டு ஒரு குட்டி உருண்டையாகும். ஓசை மெல்ல மெல்ல மூடிக்கொண்டே போகும், யாரும் கவனிப்பதில்லை. திடீரென முள் வழுக்கித் தட்டின் குறுக்கே போகும். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் மெல்லிய தூரிகையால் முள்ளைப் பின்னாலிருந்து முன்னால் ஒரு தடவு தடவ வேண்டும். விரலால் துடைத்தால் முள்ளின் தண்டு வளையும்.

அடுத்தது கரண்ட். பிளேயர் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பிடித்துச் சுழல்வது. 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 48.5 வந்தால் வேகம் 3 சதவீதம் குறையும். சுருதி கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி இறங்கும். பம்பு செட்டுகள் ஒன்றாக ஓடும் நேரத்தில் வோல்ட்டேஜும் விழும், மோட்டார் இன்னும் வழுக்கும். கேட்பவருக்கு ஜானகியின் குரல் கொஞ்சம் கனத்து, வயசு கூடினதுபோலக் கேட்கும். இது ஒரு முக்கியமான விஷயம். அந்தப் பாட்டை ஒரே ஊரில் சாயங்காலம் கேட்டவரும் விடிகாலையில் கேட்டவரும் வேறு வேறு சுருதியில் கேட்டிருக்கலாம். ‘அந்தக் காலத்தில் இப்படி இல்லையே’ என்று இன்றைய பதிவைக் கேட்டுச் சொல்பவர் காதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. வேகத்தைச் சரிபார்க்க, தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 45 வர வேண்டும். கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டை வீட்டு விளக்கில் பார்த்துச் சரிபார்த்தால் ஏமாந்துபோவீர்கள். விளக்கும் அதே கரண்டில்தான் மினுக்குகிறது.

மரத்து உச்சியில்

குழாய் கட்டுவதிலும் பாட்டு கெடும், தேறும். ஓசை நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பந்தலில் ஒரு குழாய், 100 மீட்டர் தள்ளிக் கோயில் முன் இன்னொன்று என்று கட்டினால், இரண்டுக்கும் நேர்கோட்டில் நிற்பவருக்கு ஒரே வார்த்தை 0.3 நொடி இடைவெளியில் இரண்டு முறை விழும். மெதுவான தத்துவப் பாட்டு அதைத் தாங்கும். ‘மச்சானைப் பார்த்தீங்களா’ தாங்காது. அசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு குழாயையும் ஒரே மரத்தில், முதுகோடு முதுகாகக் கட்டுவார்கள். உயரம் 30 அடிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சோளத் தட்டும் மரமும் ஓசையைத் தின்னும்.

ஒயர் பற்றி ஒரு வார்த்தை. 16 ஓம்ஸ் யூனிட்டுக்கு 30 வாட்டை நேராக அனுப்பினால் 1.4 ஆம்பியர் ஓடும். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் 300 மீட்டர் இழுத்தால், போகவர 600 மீட்டர், ஒயரின் தடையே 14 ஓம்ஸ் ஆகிவிடும். ஆம்பிளிபயரில் அதே அளவு வைத்தால் யூனிட்டுக்குக் கால் பங்குக்குச் சற்று மேல்தான் போய்ச்சேரும். 100 வோல்ட் லைனில், யூனிட் பக்கம் டிரான்ஸ்பார்மர் வைத்து அனுப்பினால் ஓடுவது 0.3 ஆம்பியர், இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. தோட்டத்துக் கல்யாணங்களில் நீள ஒயர் இழுப்பவர்கள் லைன் டிரான்ஸ்பார்மரை விடாமல் வைத்திருப்பது இதனால்தான்.

அடிக்கடி எரிவது காயில். எரிய வைப்பது பெரும்பாலும் பேஸ். குழாயின் எல்லைக்குக் கீழே வரும் ஓசைக்கு டயஃப்ரத்தைத் தாங்கக் காற்றுச் சுமை இல்லை. அது கட்டில்லாமல் ஆடிக் காந்தத்தில் இடிக்கும், சுருள் உரசும், சூடேறும், அறுந்துவிடும். பழைய ஆட்கள் டோன் குமிழைத் திருப்பி பேஸைக் குறைத்தே வைப்பார்கள். ‘அன்னக்கிளி’ தட்டுகள் இந்த விதத்தில் யூனிட்டுக்கு நல்ல பிள்ளைகள். அவற்றின் கனம் குரலிலும் நடுச்சுரங்களிலும் இருக்கிறது. பின்னாளில் எண்பதுகளின் பேஸ் கித்தார்ப் பாட்டுகளை அதே செட்டில் அதே அளவில் போட்டவர்கள்தான் யூனிட்டை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

காற்றும் ஒரு கை பார்க்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று அடிக்கும்போது, பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் குழாயின் கிழக்கே இருப்பவருக்கு ஓசை வளைந்து இறங்கும். மேற்கே இருப்பவருக்கு அது தலைக்கு மேலே போய்விடும். அரைக் கிலோமீட்டரில்கூட முணுமுணுப்புதான். காற்றுக் காலத்தில் குழாயை மேற்கே பார்த்துக் கட்டுவது வீண். விடிகாலை வேறு கதை. தரை குளிர்ந்து மேலே காற்று சற்றே சூடாக இருக்கும் அந்த நேரத்தில் மேலே போகும் ஓசையும் திரும்பி வளைந்து தரைக்கு வரும். நாலு மணிக்குப் போடும் பாட்டு மூன்று ஊருக்குக் கேட்பது அதனால்தான்.

செட்டுக்காரருக்கு எழுதாத ஒரு சட்டமும் உண்டு. கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து தொடங்கும்போது தட்டை நிறுத்திவிட வேண்டும். அது வாயால் சொல்லப்படுவது. முடிந்த கையோடு மறுபடி முள் இறங்கும். எந்த மெஷினும் இல்லாமல் ஒரு குரல் நீளமாகச் சொன்ன வாழ்த்தும், அதை அடுத்து வந்த ஜானகியின் இழுப்பும் ஒரே பந்தலில், பத்து நிமிஷ இடைவெளியில் கேட்டிருக்கின்றன. உடுக்கடியில் அண்ணன்மார் கதையும், கும்மியும், கவலை ஓட்டும் (மாடு கட்டி நீர் இறைக்கும்) பாட்டும் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் குரல் அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிட்டப் போய்க் கேட்டால்

தூரத்துக் கேள்வியில் குரலும் மெட்டும் வந்துவிட்டன. கொட்டகையிலோ நல்ல ரேடியோகிராமிலோ கேட்டவர்களுக்கு இரண்டாவது ‘முதல் முறை’ ஒன்று வாய்த்தது. குழாய் விட்டுவிட்ட கீழ்ப்பட்டையும் மேல்பட்டையும் அங்கே திரும்பக் கிடைத்தன. இடையிசையில் வயலின் கூட்டம் தனியாக ஒரு வழியில் போவதும், புல்லாங்குழல் அதற்குப் பதில் சொல்வதும் அப்போதுதான் கேட்கும். பல்லவியின் மெட்டை வாத்தியத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுச் சரணத்துக்குப் போவது அன்று பழகிய வழக்கம். இங்கே இடையிசை பாட்டின் கதையைக் கொஞ்சம் முன்னே நகர்த்துகிறது. பிறகு இளையராஜா ஆயிரம் படங்களில் செய்ததன் விதை அங்கே கிடக்கிறது.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் வாசிக்கப்பட்டவை. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று, ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டிய காலம். முடிவு ஒற்றைத் தடம்தான். இடம் வலம் பிரிவு கிடையாது. அதனால் எந்த வாத்தியம் எந்த நேரத்தில் குரலுக்கு வழிவிட வேண்டும் என்பதை நோட்டில் எழுதும்போதே தீர்மானிக்க வேண்டும். ஜானகி பாடும் பட்டையில் வயலின்கள் நுழையாமல் ஒதுங்கியிருப்பதைக் கவனியுங்கள். வரி முடிந்த மூச்சில்தான் அவை எழும். குழாயில் வார்த்தை தெளிவாகக் கேட்டதற்கு இந்த எழுத்தும் ஒரு காரணம். நல்ல யூனிட்டின் புண்ணியம் மட்டுமல்ல.

படத்தில் பி. சுசீலா பாடிய ‘சொந்தமில்லை பந்தமில்லை’யைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது குழாய்க்கு ஏற்ற பாட்டல்ல. இரவில், பத்தடிக்குள், ஒலியைக் குறைத்துக் கேட்க வேண்டியது.

இன்று முதல் முறையாகக் கேட்கப்போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். இணையத்தில் கிடைக்கும் பதிவுகளில் பல, ஒற்றைத் தடத்தைச் செயற்கையாக இரண்டாக விரித்தவை. சோதிக்க எளிய வழி உண்டு. போனின் அமைப்பில் ‘மோனோ’வைப் போடுங்கள். குரல் மெலிந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆனால் அது விரித்த பதிவு. மாற்றமில்லாமல் இருந்தால் நல்லது. பேஸ் ஏற்றிய ‘ரீமாஸ்டர்’களில் தபேலா குரலை மூடும், அவற்றையும் தவிருங்கள். வேகம் சந்தேகமாக இருந்தால் இரண்டு மூன்று பதிவுகளின் நேரத்தை ஒப்பிடுங்கள். நாலு நிமிஷப் பாட்டில் 7 நொடி வித்தியாசம் என்றால் ஒன்றின் சுருதி 3 சதவீதம் தள்ளியிருக்கிறது.

தட்டே வைத்திருப்பவர்கள், ஸ்டீரியோ முள்ளால் இந்த மோனோ தட்டை ஓட்டும்போது ஆம்பிளிபயரில் மோனோ பொத்தானைப் போட வேண்டும். மோனோ தடத்தில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. மேலும் கீழுமாக வருவது தூசியும் தேய்மானமும். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் மேல்கீழ் அசைவு கழிந்து, கரகரப்பு கண்முன்னே குறையும். தட்டைக் கழுவக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென் சோப்பு போதும். 78 தட்டு எதிலும் ஸ்பிரிட் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அட்டாலியில் (பரணில்) கிடந்த தட்டு அப்பளம்போல நெளிந்திருக்கும்.

குழாயில் கேட்பது இன்று சுலபமல்ல. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபெல். மேலே போட்ட கணக்கில் ஒரு கிலோமீட்டர் தள்ளியே 63 வருகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நோயாளிக்கும் அந்த விதி தேவைதான்.

ஆனால் ஹெட்போனிலேயே அந்தக் கேள்வியை ஓரளவு மீட்கலாம். சமன்படுத்தியில் (ஈக்வலைசரில்) 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4,000க்கு மேலும் முழுக்க இறக்குங்கள். மோனோ போடுங்கள். ஒலியை மிகக் குறைத்து, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, சன்னலோரம் வேறு வேலை பாருங்கள். ‘மச்சானைப் பார்த்தீங்களா’ இப்படி ஒரு முறை ஓடட்டும். அடுத்ததாக எல்லாக் குமிழையும் நடுவுக்குக் கொண்டுவந்து, நல்ல பெட்டி ஸ்பீக்கர் முன் உட்கார்ந்து அதே பாட்டைப் போடுங்கள். முதல் இடையிசையில் வயலின்கள் எழும் இடத்தில், முந்தின தடவை அங்கே என்ன கேட்டது என்று நினைத்துப் பாருங்கள். மெட்டின் ஒரு நிழல் மட்டும் கேட்டிருக்கும். 1976இல் ஒரு சாளைக்காரர் வைகாசியில் கேட்டதற்கும், ஆடிக்குள் டவுனுக்குப் போய்க் கொட்டகையில் கேட்டதற்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான், அவ்வளவும்தான்.